வந்த கணக்கை எழுதுவோம்!



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி ஒரு கவிதை, அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டல் கட்டுரை என்று வரும். எல்லாம் வரட்டும். நான் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் குவார்க். "அரியரை முடிக்கவே வழியைக் காணோம், இதுல குவார்க் ஒரு கேடா?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப்போவது ஓர் அளவீட்டின் கதை. லேத்தில் நிற்பவனானாலும், மீட்டர் பார்ப்பவனானாலும், தோல் தொழிற்சாலை லேபில் டைட்ரேஷன் செய்பவளானாலும், நாளைக்கு நமக்குச் சோறு போடப்போவது அளவெடுக்கும் வேலைதானே?

எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு, அதில் பிறக்கும் குவார்க்குகளின் மின்னூட்டச் சமச்சீரின்மையை அளந்தவர்கள், நம் பிராக்டிகல் வகுப்புக்கும் நம் ஊர் லாக் புக்குக்கும் ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் படித்த பிறகு உங்கள் இஷ்டம்.

என்ன அளந்தார்கள்?

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா பக்கத்தில், செர்ன் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 26.7 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வட்டச் சுரங்கம். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற தூரத்தைவிட அதிகம்! அதில் 1989 முதல் 2000 வரை லெப் என்ற முடுக்கி ஓடியது. ஒரு பக்கமிருந்து எலெக்ட்ரான் கற்றை, எதிர்ப்பக்கமிருந்து பாசிட்ரான் கற்றை. இரண்டும் நேருக்கு நேர் மோதி அழிந்தால், அந்த ஆற்றலிலிருந்து இசட் என்ற கனமான துகள் ஒன்று பிறக்கும். அது கண் இமைக்கும் நேரத்தில் பல கோடிகோடியில் ஒரு பங்குகூட உயிரோடிருக்காது. உடைந்து, பெரும்பாலும் ஒரு குவார்க்காகவும் அதன் எதிர்க்குவார்க்காகவும் எதிரெதிர்த் திசையில் பாயும்.

இங்கேதான் கேள்வி. எலெக்ட்ரான் போய்க்கொண்டிருந்த திசையை 'முன்' என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்திசை 'பின்'. குவார்க் முன்பக்கம் அதிகம் போகிறதா, பின்பக்கம் அதிகம் போகிறதா? இரண்டு பக்கமும் சரிபாதியாகப் போனால் சமச்சீர். ஒரு பக்கம் கூடினால் சமச்சீரின்மை. கணக்கு ரொம்ப எளிது. முன்னால் போன எண்ணிக்கையிலிருந்து பின்னால் போன எண்ணிக்கையைக் கழி, மொத்தத்தால் வகு. முடிந்தது!

பாட்டம் என்ற வகைக் குவார்க்கை எடுத்துக்கொண்டால், 100-ல் சுமார் 55 முன்னால், 45 பின்னால். அதாவது சாய்வு கிட்டத்தட்ட பத்து சதவீதம். இந்தச் சாய்வு ஏன் வருகிறது? வலுக்குறைந்த விசை என்று ஒன்று இருக்கிறது. கதிரியக்கத்தில் பீட்டா சிதைவை நடத்துவது அதுதான். அந்த விசைக்கு வலக்கை, இடக்கை வித்தியாசம் தெரியும். 1956-ல் லீ, யாங் இருவரும் இதைச் சந்தேகித்தார்கள். வூ என்ற பெண் விஞ்ஞானியின் சோதனை அதை நிரூபித்து 1957-ல் வெளிவந்தது. இசட் துகள் இந்த விசையின் தூதன். ஆகவே அதன் குழந்தைகளும் கொஞ்சம் ஒருபக்கம் சாய்கின்றன. எவ்வளவு சாய்கின்றன என்பதை நுட்பமாக அளந்தால், மின்காந்த விசையும் வலுக்குறைந்த விசையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

கண்ணில் படாத ஆள்

"முன்னால எத்தனை, பின்னால எத்தனைன்னு எண்ண வேண்டியதுதானே, இதுல என்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். கஷ்டம் என்னவென்றால், குவார்க்கை எவனும் தனியாகப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. பிறந்த உடனே அது பல துகள்களாகக் கூட்டம் சேர்த்துக்கொள்ளும். கருவியில் தெரிவது எதிரெதிராகப் பாயும் இரண்டு துகள் கூட்டங்கள் மட்டுமே. இதற்கு ஜெட் என்று பெயர். எந்தக் கூட்டம் குவார்க்கிலிருந்து வந்தது, எது எதிர்க்குவார்க்கிலிருந்து வந்தது? நெற்றியில் ஒட்டியா இருக்கிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து இரண்டு கூட்டம் எதிரெதிர்த் தெருவில் கிளம்புகிறது. எது மாப்பிள்ளை வீட்டார், எது பெண் வீட்டார்? மாப்பிள்ளை காருக்குள் இருக்கிறார், தெரியவில்லை. அப்போது கூட்டத்தின் முன்னால் நடப்பவர்களைப் பார்ப்போம். மேளத்துக்குப் பக்கத்தில் போகிறவர் நெருங்கிய சொந்தமாக இருக்கும். கடைசியில் தாம்பூலப் பையோடு மெதுவாக வருகிறவர் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவராகக்கூட இருக்கலாம். ஆகவே முன்னால் போகிறவருக்கு அதிக மதிப்பு, பின்னால் வருகிறவருக்குக் குறைவு.

அந்த விஞ்ஞானிகள் செய்ததும் இதேதான். ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிற துகள்களின் மின்னூட்டத்தை, பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்து, அதனதன் உந்தத்துக்கு ஏற்ற எடை கொடுத்துக் கூட்டினார்கள். இதற்கு ஜெட் மின்னூட்டம் என்று பெயர். பாட்டம் குவார்க்கின் மின்னூட்டம் மைனஸ் மூன்றில் ஒன்று. ஆகவே அது போன பக்கத்துக் கூட்டுத்தொகை சராசரியாகக் கொஞ்சம் மைனஸ் பக்கம் இருக்கும். கொஞ்சம்தான்!

இதில் இன்னொரு சிக்கல். இசட்டிலிருந்து ஐந்து வகைக் குவார்க் பிறக்கும். அப், சார்ம் இரண்டுக்கும் மின்னூட்டம் பிளஸ் மூன்றில் இரண்டு. டௌன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மூன்றுக்கும் மைனஸ் மூன்றில் ஒன்று. எல்லாமே முன்பக்கம்தான் சாய்கின்றன. ஆனால் குறிகள் எதிரெதிர் என்பதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மின்னூட்டச் சாய்வில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் ஆலெஃப் என்ற குழு 1991-லேயே அளந்து வெளியிட்டது. பிறகு பாட்டம் குவார்க்கை மட்டும் பிரித்தெடுக்கும் வழி கைவந்தது. பாட்டம் குவார்க் உள்ள துகள் சிதைவதற்கு முன் சுமார் மூன்று மில்லிமீட்டர் ஓடும். ஓடிய இடத்தைச் சிலிக்கான் பட்டைகளால் செய்த கருவி, தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த நுட்பத்தில் காட்டிக்கொடுக்கும்.

தப்பையும் அளந்தார்கள்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். கூட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற வேலையில் தப்பு நடக்காமலா இருக்கும்? நிறைய நடக்கும். கணக்குக்காக, 100-க்கு 70 தடவை சரியாகவும் 30 தடவை தப்பாகவும் சொல்கிறோம் என்று வையுங்கள். உண்மையில் 1000-ல் 550 முன், 450 பின். நாம் 'முன்' என்று எண்ணுவது எத்தனை? 550-ல் சரியாகச் சொன்னது 385. 450-ல் தப்பாக 'முன்' என்று சொன்னது 135. ஆக 520. மிச்சம் 480 'பின்'. பத்து சதவீதச் சாய்வு நம் கையில் நான்கு சதவீதமாகச் சுருங்கிவிட்டது!

சரி, எத்தனை தடவை தப்பு செய்கிறோம் என்று தெரிந்தால் நான்கிலிருந்து பத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். ஆனால் அது எப்படித் தெரியும்? உண்மை தெரிந்தவர் யாரும் இல்லையே, விடைத்தாளும் கிடையாதே!

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு மோதலிலும் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று குவார்க் என்றால் மற்றது கட்டாயம் எதிர்க்குவார்க். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால், எங்கோ ஒன்று தப்பு! மேலே சொன்ன 70-30 கணக்கில், 100-ல் 42 தடவை இப்படி மாட்டிக்கொள்ளும். அந்த 42-ஐ எண்ணிப் பார்த்தாலே 70-30 என்பது தானாக வெளியே வந்துவிடும். தன் கை எவ்வளவு தவறும் என்பதைத் தன் அளவீட்டிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள். இந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ரயிலும் நிலாவும்

அதோடு விட்டார்களா? முடுக்கியின் ஆற்றல் லேசாக மாறிக்கொண்டே இருந்தது. காரணம் தேடினார்கள். ஒன்று, நிலா! நிலாவின் இழுப்பில் கடல் மட்டும் பொங்குவதில்லை, பூமியின் மேலோடும் சற்றே விரிந்து சுருங்குகிறது. 26.7 கிலோமீட்டர் வட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு குறைந்தது. அதுவும் கணக்கில் தெரிந்தது.

இன்னொன்று நம் எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களுக்குப் பிடிக்கும். பகல் முழுக்கக் காந்தப்புலத்தில் ஒரு நடுக்கம், நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அமைதி. 1995-ல் ஆளைப் பிடித்தார்கள். ஜெனீவாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே ஓடும் மின்சார ரயில்! டி.சி. மின்சாரத்தில் ஓடும் அந்த ரயிலின் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்டவாளத்தை விட்டு மண்ணில் கசிந்து, முடுக்கியின் உலோகக் குழாய் வழியாக, சுமார் ஓர் ஆம்பியர் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எர்த்திங் பாடத்தை வெறும் பாஸ் மார்க்குக்குப் படிக்கிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காட்பாடி-ஜோலார்பேட்டை தடத்தில் ரயில் போகும்போது லேப் மீட்டர் முள் ஆடினால் நாம் என்ன செய்வோம்? "மீட்டர் சரியில்ல சார்" என்போம். அல்லது ஆடாத மாதிரி எழுதிவிடுவோம்.

இடித்த எண்

எல்லாம் முடிந்து, நான்கு குழுக்களும் அளந்த சுமார் 1 கோடியே 70 லட்சம் இசட் சிதைவுகளின் கணக்கு 2006-ல் இறுதி அறிக்கையாக வந்தது. பாட்டம் குவார்க்கின் சாய்வு 0.0992, பிழை அளவு 0.0016. கோட்பாட்டைக் கொண்டு மற்ற எல்லா அளவுகளையும் சேர்த்துப் பொருத்தினால் வரவேண்டியது சுமார் 0.1038. வித்தியாசம் பிழை அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் எஸ்.எல்.டி. என்ற குழு வேறு வழியில் அளந்தது. விசைகளின் கலப்பு விகிதத்துக்கு அவர்கள் சொன்ன எண் 0.23098. லெப்பின் பாட்டம் சாய்வு சொன்னது 0.23221. இரண்டும் இடிக்கின்றன.

என்ன செய்தார்கள்? 'எதிர்பார்த்தது வரவில்லையே' என்று ஒன்றை அமுக்கிவிட்டார்களா? இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, 'இவை ஒத்துப்போகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஹிக்ஸ் துகள் அகப்படவில்லை. ஒரு எண் ஹிக்ஸ் ரொம்ப கனம் என்றது, மற்றது ரொம்ப லேசு என்றது. 2012-ல் அதே சுரங்கத்தில், லெப்பை எடுத்துவிட்டு வைத்த எல்.எச்.சி. முடுக்கியில் ஹிக்ஸ் அகப்பட்டது. கனம் சுமார் 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட். இரண்டு எண்ணும் தனித்தனியே சுட்டியதற்கு நடுவில்! ஒன்றை அமுக்கியிருந்தால் சராசரி எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். லெப்பின் நான்கு குழுக்களில் எல்-3 என்பதில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பங்குகொண்டது. அதே நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய நண்பர்களோடு சேர்ந்து, 1965-ல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். ஜோலார்பேட்டையில் ஏறினால் பங்காரப்பேட்டை வழியாகப் போய்விடலாம். அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் நம் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் எத்தனையோ பேர். வாணியம்பாடிக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போன நேரத்தில், எதிர்பார்த்த மறைப்புக்கு முன்பே ஒளி சட்டென்று இறங்கியது அங்கேயும் பதிவானது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த நாள் அது. எதிர்பாராத இறக்கத்தை 'மேகமா இருக்கும்' என்று அழித்துவிட்டால் வளையம் எங்கே?

நம்ம கதை

இப்போது நம் லேபுக்கு வருவோம். முதலாண்டு தனி ஊசல் சோதனை. வேலூரில் 9.8, ஆற்காட்டில் 9.8, ஆம்பூரில் 9.8. இழுத்துவிட்ட நூல் எந்த நீளமானால் என்ன, ஸ்டாப் வாட்ச் ஓடினால் என்ன ஓடாவிட்டால் என்ன, விடை மட்டும் அச்சுப் பிசகாமல் 9.8! சீனியர் நோட்டு கைமாறுகிறது. ஃபார்முலாவில் விடையைப் போட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிற வித்தையில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஏன்? 9.4 எழுதினால் எக்ஸ்டர்னலில் மார்க் போய்விடும் என்ற பயம். பயம் பொய்யுமில்லை. விடை சரியா என்று பார்த்து மார்க் போடுகிற முறை இருக்கும்வரை, பையன் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

ஆனால் அதன் பலன் எங்கே போய் முடிகிறது? நாம் வெளியே போய் உட்காரப்போகும் நாற்காலி எது? தோல் தொழிற்சாலையின் லேப், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக், ஷூ கம்பெனியின் குவாலிட்டி பிரிவு. குரோம் போட்ட தோலைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது நம் வேலை. ஒரே தோலில் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் வேறு வேறு என்று தெரிந்து, சரியான இடத்தில் மாதிரி வெட்டுவது நம் வேலை. வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. மீட்டர் 2640 காட்டுகிறது. மேலே நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு 2050 என்று எழுதும் கை, முதலாண்டு லேபில் 9.8 எழுதிப் பழகிய கைதான்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பில் ஓர் எண் வருகிறது. தோல் தொழிற்சாலைகள் உள்ள நம் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானது என்று, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. யாரோ சிலர் வயல் வயலாகப் போய், வந்ததை வந்தபடி எழுதியதால் அந்த எண் நீதிமன்றம் வரை போய் நின்றது. எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஒழுங்காகச் சுத்திகரிக்கும் முதலாளி ஒருவர் இருந்தால், அவரைக் காப்பாற்றுவதும் நேர்மையான லாக் புக்தான். எல்லாரும் 2050 எழுதும் ஊரில் உண்மையான 2050-ஐ யார் நம்புவார்கள்? நம் தொழிலும் பிழைக்க வேண்டும், பாலாறும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் அஸ்திவாரம் ஒரு நம்பகமான ரீடிங்.

"குவார்க் அளக்கிறவங்களுக்குக் கோடி கோடியா பணம், ஆயிரக்கணக்குல ஆளு. நமக்கு ஓடாத ஸ்டாப் வாட்ச்" என்று நண்பர்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் ஓடாத வாட்ச் ஓடவில்லை என்று எழுதுவதற்குப் பணம் வேண்டாம். ஒரே ரீடிங்கை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து ஒத்துப் பார்ப்பதற்கும் பணம் வேண்டாம். அந்த இரண்டு கூட்டக் கணக்கின் சூட்சுமமும் அவ்வளவுதானே!

ஆகவே நம் மாணவர் பேரவை நிர்வாகத்திடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் மூன்று விஷயம் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்று, அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கை லேபிலேயே பேனாவால் எழுதி அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். அடித்தால் ஒரே கோடு, பழைய எண் தெரிய வேண்டும். இரண்டு, விடைக்குப் பக்கத்தில் 'இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்' என்ற பிழை அளவையும் எழுதச் சொல்லி, அதற்குத் தனி மார்க் கொடுக்க வேண்டும். மூன்று, 9.4 வந்த மாணவன் ஏன் 9.4 வந்தது என்று காரணம் காட்டினால், சீனியர் நோட்டின் 9.8-ஐவிட அவனுக்கு அதிக மார்க் தர வேண்டும்.

இதில் நம் பங்கும் உண்டு. பக்கத்து பெஞ்ச் நண்பன் 9.4 எழுதினால் சிரிக்காமல் இருப்போம். ஜூனியர் வந்து நோட்டுக் கேட்டால், நோட்டுக்குப் பதில் அரைமணி நேரம் கூட நின்று ஊசலை ஆட்டிக் காட்டுவோம். நூற்றுக்கு ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து என்ற சின்னச் சாய்வைப் பத்து வருஷத்துக்கும் மேலாக எண்ணி, இடித்ததையும் மறைக்காமல் அச்சடித்தவர்கள் நம்மைப் போல மனிதர்கள்தான். அவர்களால் முடிந்தது வரும் செமஸ்டரில் நம்மாலும் முடியும். வாருங்கள் தோழர்களே, வந்த கணக்கை எழுதுவோம்!